மூன்றாவது மாடிக்கு ஒரு பிடி மண்

காற்றை விற்றுவிடலாம் என்று நான் நம்பினேன். இதை இன்னும் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல். ஆடி பிறந்தால் மேல்காற்று சமையலறை வழியாக உள்ளே வந்து, காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாசல் வழியாக வெளியே போகும். இப்படி ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கடைத்தெருவில் இரண்டு பேர் காதில் போட்டால் போதும், ஆவணிக்குள் கிரையம் முடிந்துவிடும் என்று ஆனி மாதம் கணக்குப் போட்டேன். அந்தக் காய்ந்த சீமையில் ஒரு மனிதனுக்குச் சும்மா கிடைப்பது காற்று ஒன்றுதான், அதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்கிற சிறிய யோசனை எனக்கு வரவில்லை. வராததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு மின்சாமான் கடை. ஃபேன் விற்றுத்தான் பிழைப்பு. காற்று விலைபோகும் என்பது என் சொந்த அனுபவம்.

எண்பதுகளின் கடைசியில் அந்த வீட்டை வாங்கினோம். ஊரில் அடுக்கு வீடு என்பதே அப்போது புதுசு. மொத்தம் எட்டு வீடு, ஒரு மாடிக்கு இரண்டு. உயரம் ஏற ஏற விலை இறங்கியது, அதனால் நாங்கள் ஏறினோம். என் மனைவிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் இருந்தவள். ஒரு வீட்டுக்காரம்மா இவள் எடுக்கும் தண்ணீர்க் குடத்தை எண்ணுவாள். இன்னொரு வீட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடித்ததற்குப் பஞ்சாயத்து நடந்தது. சொந்த வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சுத்தியலை எடுத்து அவளே ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு எங்களிடம் இருந்த படங்களைவிட ஆணிகள் அதிகமாக இருந்தன.

ஐந்தாறு வருஷம் போயிருக்கும். மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். முதலில் முட்டியில் வலி என்றாள். பிறகு காய்கறிப் பை கனம் என்றாள். பையை நான் வாங்கிக்கொண்ட பிறகும் நின்றாள். மதுரையில் காட்டியபோது, சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதய வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். ஆபரேஷன் தாங்குகிற உடம்பு இல்லை என்றார். எழுந்து நிற்கும்போது, சாதாரணமாக, "படி மட்டும் ஏறக் கூடாதும்மா" என்றார். "எங்க வீட்டுல லிஃப்ட்டு வைக்கல டாக்டர், வச்சிருந்தா அதுவும் எங்கிட்டதான் ரிப்பேருக்கு வந்திருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கைப்பையின் பித்தானை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்து, கட்டடத்துக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. தரைவீட்டில் ஒருவர் இருந்தார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் முதலில் மறுப்புச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது வார்த்தை பேசுவார். அவர் தன் வீட்டு மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காரச் சொல்லுங்க" என்றார். நாற்காலியோடு அவளைத் தூக்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தவிர அவள் கீழே இறங்கவில்லை. கூடையில் கயிறு கட்டி பால்கனியிலிருந்து இறக்குவாள். விடிந்ததும் கீழே காய்கறிக்காரி அதில் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, "முத்தலா இருந்தா திருப்பி இறக்கிரு மதினி" என்று கத்துவாள். தெருவோடு அவளுக்கு இருந்த போக்குவரத்து அந்தக் கூடை ஒன்றுதான்.

தரையோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாட்டேன்" என்றாள். "இனி ஒருத்தி என் குடத்தை எண்ணி நான் பாக்க மாட்டேன். சொந்த வீடுன்னா வாரேன். இல்லன்னா இங்கனயே இருந்துக்கிறேன்."

"இங்கனயே எத்தனை காலத்துக்கு?"

"இருக்கிற காலத்துக்கு."

அதனால் இந்த வீட்டை விற்றுத்தான் தரையில் ஒரு வீடு வாங்க வேண்டும். விற்றால் அவள் இறங்குவாள். விற்காவிட்டால் இறங்கமாட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதற்குள் நான் அடித்த கூத்துதான் பெரிசு.

அது வீடு விற்கிற காலமாகவும் இல்லை. இரண்டு வருஷமாக மழை இல்லை. திருச்சுழிப் பக்கம் மிளகாய் போட்டவர்கள் விதைக்குக்கூட எடுக்கவில்லை. நூல் விலை ஏறி, ஊரில் பாதித் தறிகள் ஒருநாள் ஓடி ஒருநாள் நின்றன. கையில் காசு வைத்திருந்த சிலர், காசைக் கையிலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். நான் பிடித்த தரகர், குடையும் சைக்கிளுமாகப் பந்தல்குடி வரைக்கும் சுற்றுகிறவர். வீட்டை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தரையில ஒரு முழம் மண்ணு இருந்தாக்கூட நாளைக்கே முடிச்சுக் குடுத்திருவேன். இது அந்தரத்துல தொங்குது. வௌவால்கிட்டதான் பேசணும்."

"காத்து வரும்" என்றேன்.

"காத்து எல்லாருக்கும்தான் வருது."

குறைகள் இருந்தன, மறைக்கவில்லை. அதாவது இப்போது மறைக்கவில்லை. அப்போது மறைக்கத்தான் படாத பாடு பட்டேன். மேலே மொட்டை மாடி, அதனால் சித்திரை வெயில் நேராகத் தலையில் இறங்கும். பக்கத்தில் விசைத்தறிக் கூடம், பகல் முழுக்கத் தடதடவென்று ஓடும். ஆழ்குழாய்த் தண்ணீர் கடல் உறவு. இரண்டு நாள் விட்டால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும். மின்சாரம் போகிற நேரமாகப் பார்த்து ஆளைக் கூட்டிவந்தால் தறிச் சத்தம் இருக்காது என்று கண்டுபிடித்தேன். கூட்டியும் வந்தேன். சத்தம் இல்லை. ஃபேனும் இல்லை. வந்தவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல அமைதியான அடுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தரகர் எனக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தார். "ஏன் விக்கிறீகன்னு கேட்டா சீக்குன்னு மட்டும் சொல்லிராதீக. அப்புறம் ஆகாத வீடுன்னு பேராயிரும். எங்கிட்டு விக்க? சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டாக. அக்காவை நல்ல சேலை கட்டி நடமாடச் சொல்லுங்க."

எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். தாகத்துக்கு இல்லை. ஒரு வீட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு டம்ளரில் தெரிந்துபோகும். அதனால் நான் தண்ணீர் வண்டிக்காரனிடம் நல்ல தண்ணீர் வாங்கி எவர்சில்வர் குடத்தில் நிரப்பி வைத்தேன். ஆள் வரும்போது அவள் நல்ல சேலையில் எழுந்து, சமையலறை வரை நடந்து, டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வரவேண்டும். சிரித்த முகமாக. இது என் ஏற்பாடு.

முதலில் வந்தவர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், கூட அவருடைய அண்ணன். தறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடித்து, "நல்லாருக்கே" என்று தலையாட்டினார் தம்பி. அண்ணன் கால் கழுவுகிறேன் என்று குளியலறைக்குள் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாய் கொப்பளிக்கிற சத்தம்.

"அண்ணாச்சி" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "ரெண்டு தண்ணியும் ஒரு கிணத்துப் பிள்ளைகதானா?"

"இது பெரிய பிள்ளை" என்று நானும் கத்தினேன். எனக்கே சிரிப்பு வந்தது. தம்பி விலை கேட்டார். நான் சொன்னது காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். நான் கத்தினேன். அந்த நேரத்தில் மின்சாரம் நின்று தறி அடங்கியதால், என் வீட்டு விலை அன்று தெரு முழுவதற்கும் தெரிந்தது. வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. காலுக்கு மேலே சேலை மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது.

"இன்னும் எத்தனை பேருக்குங்க தண்ணி கொண்டாந்து குடுக்கணும்?"

சலித்துக்கொண்டு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அந்த அண்ணன் வாய் கொப்பளித்ததை நடித்துக் காட்டினேன்.

"சிரிக்கலாம்னுதான் பாக்கேன்" என்றாள். "மூச்சு விடல."

அதற்குப் பிறகு என் பயம் கடைக்கு வந்துவிட்டது. பல்பு வாங்க வந்த ஒருவரிடம் ஜன்னல்களைப் பற்றிப் பேசினேன். பேன்ட்டை மடித்துவிட்டுக் கடை வாசலில் யாராவது நின்றால் வீடு தேடி வந்தவராக இருக்குமோ என்று பார்ப்பேன். அவர் பஸ்ஸுக்காக நிற்பார். வீட்டுக்கு ஆளே வராத மாதங்களில், யாரும் கேட்காமலேயே விலையைக் குறைத்தேன். தரகரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் இன்னும் குறைத்தேன். தனியாக உட்கார்ந்து எனக்கு எதிராக நானே பேரம் பேசி, நானே தோற்று, நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தரகர் ஒருநாள், "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. வாங்குறவனுக்கும் எதாவது வேலை மிச்சம் வைங்க" என்றார்.

மாசி மாதம், பாலவனத்தம் பக்கத்து ஊரிலிருந்து, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்கு அறுபது இருக்கும், தோளில் துண்டு, பேச்சு குறைவு. அந்த அம்மாள் அவரைவிட ஒரு பிடி உயரம். படியேறும்போதே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கம்பிக் கதவைப் பூட்டுவாகளா?"

கட்டடத்தின் அடிப்படியில் இருந்த கதவைக் கேட்டாள். பூட்டினால் வந்து போக இடைஞ்சல் என்கிறாள் என்று எனக்குப் பட்டது. "விளக்கு வைக்கிற நேரத்துல பூட்டுவோம், ஆனா சாவி எல்லார்கிட்டயும் இருக்கும், ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன்.

"வெளிய இருந்து வாரவனுக்கு?"

"குரல் குடுத்தா வந்து திறந்து விடுவோம் தாயி."

"திறக்கலன்னா?"

"திறந்திருவோம்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவள் முகம் வாடியது.

மேலே வந்து பால்கனியில் நின்று கீழே பார்த்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. "கீழ நின்னு ஒருத்தன் கத்துனா இங்கன கேக்குமா?"

இதற்கு என்ன சொன்னால் நல்லது என்று தெரியவில்லை. காலையிலிருந்து என் வாய்க்கு நல்ல நேரமே இல்லை. "ஒண்ணும் கேக்காது" என்று உண்மையைச் சொன்னேன். தொலைந்தது என்று நினைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மகளுக்காக வீடு பார்க்கிறோம் என்றார் அந்த சம்சாரி. மகள் அருப்புக்கோட்டையிலேயே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளாம். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று மரியாதைக்குக் கேட்டேன். அவர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். "இருக்கான்" என்றாள் அந்த அம்மாள்.

தரகர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். என் மனைவி தட்டோடு வந்தாள். சமையலறை நிலையைத் தாண்டும்போதே டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்றன. சிரித்த முகமாகத்தான் இருந்தாள். உதடு மட்டும் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்தாள். தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். என் மனைவியின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, கையைக் குவித்துக் குடித்தாள்.

"உப்பு" என்றாள் திரும்பி வந்து. "எங்கூர்லயும் இதே எழவுதான்." கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா தாயி இப்பிடி?"

சளி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு வருசமாச்சு" என்றாள் என் மனைவி. "வால்வு."

"படி ஏறக் கூடாதுன்னாகளா?"

"ஆமா."

"அதான் விக்கிறீகளா?"

"அதான்."

தரகர் குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மழைக்கு இல்லை, கிளம்புவதற்கு. எனக்கு என் மனைவிமேல் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே, அவள் அந்தக் கட்டிலில் எவ்வளவு லேசாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு யாருக்கும் எதையும் நடித்துக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் சம்சாரி எழுந்து போகவில்லை. "நாங்க எதுன்னாலும் எங்க சாமிகிட்ட கேட்டுத்தான் செய்வோம்" என்றார். "ஒரு பிடி மண்ணு வேணும். ஈசானி மூலையில எடுக்கணும். விக்கிறவுக கையாலதான் கொண்டாரணும். அதை வச்சுப் பூக்கட்டிப் பாப்போம். உத்தரவு குடுத்தா வாங்கிக்கிறோம்."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். மொசைக்.

"தொட்டியில துளசி இருக்கு" என்றார் தரகர்.

"அது செடியோட மண்ணு. வீட்டோட மண்ணு வேணும்."

கீழே இறங்கினோம். கட்டடத்தின் ஈசானி மூலை, மேஸ்திரி வீட்டு வாசலுக்கு எதிரே, அவர் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குனிந்து கை வைத்தேன். கதவு திறந்தது.

"தோண்டாதீக."

"ஒரே ஒரு பிடி அண்ணே. என் பாகத்துலதான்."

"எட்டுல ஒரு பாகம் உங்களுது. நான் இல்லங்கல. இதுல உங்க மண்ணு எதுன்னு பொறுக்கி எடுத்துக்கோங்க."

"ஒரு பிடியில என்ன அண்ணே பொறுக்க?"

"ஒரு பிடி எடுத்தா அதுல ஏழு பங்கு அடுத்தவுகளுது. பத்திரத்துல பிரிபடாத பாகம்னு போட்டிருக்கா, இல்லையா?"

போட்டிருந்தது. நான் சம்சாரியைப் பார்த்தேன். இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தில் வீடே வேண்டாம் என்று போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேஸ்திரியைப் பார்த்து ரொம்பவும் மதிப்போடு தலையசைத்தார். மண் விஷயத்தில் தன்னைப் போலவே பேசுகிற ஒருவரை டவுனில் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அவுக சொல்றதுதான் நியாயம்" என்றார். "எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

அப்படியாக, ஒரு பிடி மண்ணுக்கு அனுமதி கேட்டு, நானும் சம்சாரியும் தரகரும் வீடு வீடாகப் படியேறினோம். ஒருவர் எதற்கு என்று கேட்டார். ஒருவர், மண்ணோடு சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற பேச்சையும் முடித்துவிடலாமா என்றார். ஒரு வீட்டில் ஆள் வெளியூர் போயிருந்ததால், மறுநாள் வரை மண் எடுக்க முடியவில்லை. கடைசியில் மேஸ்திரியே கரண்டி கொண்டுவந்து, செடியின் வேரில் படாமல், அளந்து எடுத்துக் கொடுத்தார். தறி நின்றிருந்த நேரம். தலைக்கு மேலே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை நெஞ்சில். மூச்சு விட்டுவிட்டு, மறுபடி சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விருதுநகர் போகிற பஸ்ஸில் ஏறி, கைக்குட்டையில் கட்டிய மண் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன அண்ணாச்சி, பிரசாதமா?" என்றார் கண்டக்டர். "வீடு" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவர்கள் குலசாமி கோயில் ஊருக்கு வெளியே கரிசல்காட்டு ஓரத்தில் இருந்தது. சுற்றுச்சுவர் இல்லை. அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டை நிற்கிற காட்டுக்கு நடுவில் ஒரு வேம்பு, அதன் கீழே சாமி. பூசாரி மண் முடிச்சை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி, ஒன்றுபோல மடித்துக் குலுக்கிப் போட்டார். சிவப்பு வந்தால் உத்தரவு. சூடம் ஏற்றினார். நான் கடைசியாக எப்போது இப்படிக் கும்பிட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்த சாமிகளைக் கூப்பிட்டேன், அது அந்தச் சாமிக்குப் பிடிக்காதோ என்று பயந்து பாதியில் நிறுத்தினேன்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

சம்சாரி கண்ணை மூடித் திறந்தார். முடிச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். "உத்தரவு இல்லைய்யா. தப்பா எடுத்துக்காதீக."

இந்த மாதிரி இடத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் நான். துக்க வீட்டில்கூட நாலு பேர் என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. மேஸ்திரி வீட்டு நாற்காலிதான் கண் முன்னால் நின்றது. வயதாக ஆக, அதைத் தூக்க எங்கள் இரண்டு பேருக்கும் இனிப் பலம் குறையத்தான் செய்யும்.

"ஏங்க" என்றாள் அந்த அம்மாள். "சாமி எதுக்கு உத்தரவு இல்லைன்னுச்சு?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டையா கொண்டாந்து வச்சோம்? மண்ணைத்தான வச்சோம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்பிடி ஒண்ணாகும்? அந்த மண்ணு மேல நம்ம பிள்ளையா இருக்கப்போகுது? கறிவேப்பிலைச் செடிக்காரருல்ல இருக்காரு. ஆகலன்னா அவருக்கு ஆகல. வேணும்னா போய் அவருகிட்ட சொல்லிட்டு வாங்க."

"சாமி கூட வம்பு பேசாத."

"வம்பு இல்ல, கேக்கேன். மூணாவது மாடிக்கு மண்ணு ஏது?"

இருவரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அடுக்கு வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல தாயி" என்றார்.

அந்த அம்மாளின் குரல் இறங்கியது. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள், நான் நிற்பதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். "பிள்ளையைக் கட்டுனவன் குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னு ஊரைக் கூட்டுறான். பிள்ளை நைட் டூட்டி பாத்துட்டு வந்து கண்ண மூட முடியல. இது வரைக்கும் மூணு வீடு மாறிட்டா, மூணும் தெருவாசல் வீடு. அங்கன கம்பிக் கதவு இருக்கு. மூணு மாடி அவன் குடிச்ச குடிக்கு ஏற மாட்டான். கீழ நின்னு கத்துனாலும் அந்தத் தறிச் சத்தத்துல பிள்ளை காதுல விழாது. இப்பிடி வீடு அந்த ஊர்ல வேற எங்கிட்டு இருக்கு, சொல்லுங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மண்ணு வைக்காம இன்னொரு தடவ கேளுங்களேன்" என்றாள்.

அவர் சாமியைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். "கேட்டு, அதுவும் வெள்ளையா வந்துட்டா என்ன செய்ய?" என் கையிலிருந்த முடிச்சை வாங்கி, அவிழ்த்து, மண்ணைக் காட்டு ஓரமாக உதறினார். கைக்குட்டையை இரண்டு தட்டுத் தட்டி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உத்தரவு இல்லாத வீடு. அதுக்குத் தக்கன விலையையும் பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். ஏற்கெனவே குறைத்துப் பழகிய வாய்தான்.

கிரையம் வைகாசியில் முடிந்தது. நாங்கள் வாங்கிய விலைக்கும் கீழேதான் போனது. அதை வைத்துப் பந்தல்குடி சாலையில் ஓர் ஓட்டு வீடு வாங்கினோம். இரண்டு அறை, பின்பக்கம் சிறிய முற்றம், வாசலில் ஒரே ஒரு படி. லாரிகள் போகும்போது ஓடு அதிரும். வீடு மாறிய அன்று நானும் மேஸ்திரியும் அவளை நாற்காலியோடு இறக்கினோம். "நேராப் பிடிங்க, நேராப் பிடிங்க" என்று மேஸ்திரி கடைசிப் படிவரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். புது வீட்டுப் படியை அவள் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். அந்த வீட்டில் நான்கு வருஷம் இருந்தாள். பை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைவரைக்கும் நடந்து போய்வருவாள். ஐந்தாவது வருஷம் கார்த்திகையில் ஒரு பகல் நேரத்தில், நான் கடையில் இருந்தபோது, அந்த வீட்டிலேயே இறந்துபோனாள்.